மட்டியின் கொழுப்பும் குடாவின் சேறும்

கடந்த இதழில் திருகோணமலைத் துறைமுகத்தின் அடிச்சேற்றைப் பற்றி எழுதியபோது, “சேற்றின் மாசை மதிப்பிட வேண்டுமானால் அதில் வாழும் உயிரியின் கொழுப்பையும் அளந்தாக வேண்டும்” என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றியே கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நகரிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகக்கூடிய விடயமல்ல அது என்பதை வாசகர்களே உணர்த்திவிட்டதால், இம்முறை இந்தப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, நான் கிண்ணியாவில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. சேறு மாசடைந்துள்ளதா என்று அறிய வேண்டுமானால் சேற்றையே அள்ளிச் சோதித்துவிடலாமே? மட்டியைப் பிடித்து, சதையை அரைத்து, அதிலுள்ள கொழுப்பை அளப்பதால் சேற்றைப் பற்றி என்ன தெரியவரும்? மாணவர்கள் கேட்டபோது என்னால் தெளிவாக விளக்க முடியவில்லை.

பதில்: சேற்றை மட்டும் சோதித்தால் அங்கே எவ்வளவு மாசு கிடக்கிறது என்பது தெரியும். அதில் எவ்வளவு உயிர்களின் உடலுக்குள் ஏறும் என்பது தெரியாது. மீனையும் நண்டையும் கடைசியில் நம் வீட்டுச் சட்டியையும் வந்து சேர்வது இரண்டாவது கணக்குத்தான். அந்தக் கணக்குக்குக் கொழுப்பு இல்லாமல் விடை காண முடியாது.

இங்கே நான் பேசுவது எல்லா மாசுகளையும் பற்றியல்ல. பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பீசீபி, டிடிரி என்ற பூச்சிகொல்லி, அது சிதைந்து உண்டாகும் டிடிஈ, எண்ணெயிலும் புகையிலும் உள்ள பல்வளைய அரோமற்றிக் ஐதரோகாபன்கள் ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறேன். இவை நீரில் கரைய மறுப்பவை, கொழுப்பில் எளிதாகக் கரைபவை. மீன் கறி ஆறியபின் மேலே மிதக்கும் எண்ணெயில் மிளகாயின் சிவப்பெல்லாம் திரண்டு நிற்பதையும், கீழேயுள்ள நீர்த்த குழம்பு வெளிறிக் கிடப்பதையும் உங்கள் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதே ஒழுங்குதான் கடலடியிலும் நடக்கிறது, ஆனால் அங்கே வேறுபாடு மிகப் பெரியது. பீசீபி வகைகளுள் 153 என்ற எண்ணால் குறிக்கப்படும் சேர்மத்தை, ஒக்ரனோல் என்னும் எண்ணெய்த்தன்மையுள்ள திரவமும் நீரும் சேர்ந்த குடுவையில் இட்டுக் குலுக்கினால், ஒக்ரனோலில் அதன் செறிவு நீரிலுள்ளதைப் போலப் பல இலட்சம் மடங்காகிவிடும்.

ஆகவே கடலுக்குள் வந்து சேரும் இத்தகைய சேர்மத்துக்கு நீர் தங்குமிடமல்ல. அது ஒன்றில் சேற்றிலுள்ள சேதனக் காபனில், அதாவது உக்கிய இலை, பாசி, உயிர்களின் எச்சம் ஆகியவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும்; அல்லது உயிருள்ளவற்றின் கொழுப்பில் போய்ச் சேரும். சேற்றுக்குள் புதைந்து வாழும் மட்டி இவ்விரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு நாளும் நீரை வடித்தபடி இருக்கிறது. போதிய காலம் கழிந்தபின், சேற்றின் காபனும் மட்டியின் கொழுப்பும் அச்சேர்மத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு ஒரு சமநிலைக்கு வருகின்றன. இந்தச் சமநிலைதான் அளவீட்டின் அத்திவாரம்.

இதை எண்களால் காட்டினால் மாணவர்களுக்கு உடனே பிடிபடும். எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை. முதலாவது இடம், கண்டல் இலைகள் உக்கிச் சேர்ந்த கறுப்புச் சேறு. உலர்ந்த சேறு ஒரு கிராமில் 40 நனோகிராம் பீசீபி இருக்கிறது. சேதனக் காபன் 2 சதவீதம். இரண்டாவது இடம் மணற்பாங்கானது. அங்கே ஒரு கிராமில் 20 நனோகிராம்தான் இருக்கிறது. ஆனால் சேதனக் காபனும் அரைச் சதவீதம் மாத்திரமே. சேற்றை மட்டும் சோதித்தவர் முதலாவது இடமே இருமடங்கு மோசமானது என்று எழுதிவிடுவார். காபனுக்கு வகுத்துப் பாருங்கள்: முதலாவதில் காபன் ஒரு கிராமுக்கு 2,000 நனோகிராம், இரண்டாவதில் 4,000. காபனும் கொழுப்பும் சமமாகப் பங்கிடுவதாகக் கொண்டால், 1 சதவீதக் கொழுப்புள்ள மட்டி முதலாவது இடத்தில் தன் சதையின் ஒரு கிராமில் 20 நனோகிராம் சுமக்கும். இரண்டாவது இடத்தில் 40 நனோகிராம் சுமக்கும். பார்வைக்குச் சுத்தமான மணலே மட்டிக்குக் கெடுதலான இடமாகிவிடுகிறது, ஏனெனில் மாசைப் பிடித்துவைக்க அங்கே காபன் போதாது.

இனி, அதே மணற்கரையில் அரைச் சதவீதக் கொழுப்பே உள்ள மெலிந்த மட்டி அகப்பட்டது என்று வையுங்கள். அதன் சதையில் ஒரு கிராமுக்கு 20 நனோகிராம்தான் இருக்கும். முதலாவது இடத்து மட்டியிலும் 20, இதிலும் 20. கொழுப்பை அளக்காதவர் இரண்டு இடங்களும் ஒன்றே என்று அறிக்கை தருவார். கொழுப்புக்கு வகுத்தவருக்கு மட்டுமே 2,000 என்றும் 4,000 என்றும் உண்மை தெரியும்.

மட்டியின் மாசைக் கொழுப்புக்கும், சேற்றின் மாசைக் காபனுக்கும் வகுத்து, முதலாவதை இரண்டாவதால் பிரித்தால் வரும் எண்ணை உயிரி–அடையல் சேர்க்கைக் காரணி என்பார்கள் (அடையல் என்றால் படிந்த சேறு). கோட்பாட்டின்படி இது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் வர வேண்டும். மிகவும் குறைந்து வந்தால், மாசு புகைக்கரி போன்றவற்றில் இறுகப் பிடிபட்டிருக்கலாம், அல்லது உயிரி அதைச் சிதைத்து வெளியேற்றியிருக்கலாம். மிகவும் கூடி வந்தால், சேற்றையன்றி உணவையோ புதிதாக வந்து விழுந்த மாசையோ தேட வேண்டும். அந்த எண் எதிர்பார்த்த இடத்தில் இல்லாதபோதே அது அதிகம் சொல்கிறது என்பது என் அனுபவம்.

மட்டி இனங்களைக் கடலின் காவலாளியாக வைப்பது புதிய யோசனையல்ல. எட்வர்ட் கோல்ட்பேர்க் என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1975 இல் இதை முன்மொழிந்தார். 1986 முதல் அந்நாட்டின் கரைகளில் சிப்பி இனங்களைக் கொண்டு இக்கண்காணிப்பு தொடர்ந்து நடக்கிறது. நம் நாட்டுக்கும் இது வேண்டியதே. 1940களின் நடுப்பகுதியிலிருந்து மலேரியாவை ஒழிக்க வீடு வீடாகத் தெளிக்கப்பட்ட டிடிரி, 1970களில் மலத்தியன் என்ற வேறொரு பூச்சிகொல்லிக்கு இடம்விட்டது. 2016 இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றும் நமக்குக் கிடைத்தது. ஆயினும் இத்தகைய சேர்மங்கள் சேற்றில் பல பத்தாண்டுகள் நிலைத்துக் கிடக்கக்கூடியவை. அவற்றுள் டிடிஈயே மிகுந்திருந்தால் அது பழைய தெளிப்பின் எச்சம் என்றும், சிதையாத டிடிரி மிகுந்திருந்தால் அண்மைய வரவைத் தேட வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் பிரித்தறிவார்கள்.

கேள்வி: நான் கடல்சார் விஞ்ஞானம் பயிலும் பல்கலைக்கழக மாணவன். ஒரே மட்டிச் சதையின் கொழுப்பை சொக்சிலெற் கருவியில் எக்சேன் கொண்டு பிரித்தபோது 0.8 சதவீதமும், குளோரோபோமும் மெதனோலும் கொண்டு பிரித்தபோது 1.6 சதவீதமும் கிடைத்தன. மூன்று தடவை செய்தும் அப்படியே வருகிறது. எதை நான் ஆய்வேட்டில் எழுதுவது?

பதில்: மூன்று தடவை செய்து பார்த்திருக்கிறீர்கள், அதற்காகவே உங்களுக்கு விரிவாக எழுத விரும்புகிறேன். உங்கள் கையில் பிழை இல்லை. கொழுப்பு என்பது ஒரு தனிப் பொருளல்ல என்பதுதான் இங்கே சிக்கல். கரைப்பான் எதைக் கரைக்கிறதோ அதையே நாம் கொழுப்பு என்று அழைக்கிறோம். கரைப்பானை மாற்றினால் கொழுப்பின் வரைவிலக்கணமே மாறிவிடுகிறது.

உயிரி எதிர்காலத்துக்கென்று சேமித்துவைக்கும் கொழுப்பு டிரைகிளிசரைட்டு வடிவில் இருக்கும். எக்சேன் இதை எளிதாக எடுத்துவிடும். கலங்களின் மென்சவ்வுகளில் இருக்கும் பொசுபோலிப்பிட்டுகளோ புரதங்களுடன் பிணைந்து கிடப்பவை. மெதனோல் போன்ற முனைவுள்ள கரைப்பான் அந்தப் பிணைப்பைத் தளர்த்தினாலன்றி அவை வெளியே வரமாட்டா. கொழுத்த சூடை மீனில் சேமிப்புக் கொழுப்பே பெரும்பங்கு என்பதால் இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தரும். மட்டியோ மெலிந்த உயிரி. அதன் கொழுப்பில் பெரும் பகுதி மென்சவ்வுகளிலேயே இருக்கிறது. உங்களுக்குப் பாதிக்குப் பாதி வேறுபாடு வந்ததற்குக் காரணம் அதுவே.

இந்த முறைகளின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அவற்றின் குறையும் தெரியும். சொக்சிலெற் 1879 இல் தன் கருவியை அமைத்தது பாலின் கொழுப்பை அளப்பதற்காக. பாலில் இருப்பது பெரும்பாலும் சேமிப்புக் கொழுப்பு. 1957 இல் போல்க் குழுவினர் விலங்கு இழையங்களுக்கென்று குளோரோபோம் இரண்டு பங்கு, மெதனோல் ஒரு பங்கு என்ற கலவையைத் தந்தார்கள். 1959 இல் கனடாவில் பிளை, டயர் என்ற இருவர், மெலிந்த மீன் சதைக்கென்று கரைப்பான் செலவு குறைந்த ஒரு முறையை வெளியிட்டார்கள். சதையிலுள்ள நீரையும் கணக்கில் சேர்த்து, முதலில் குளோரோபோம், மெதனோல், நீர் ஆகியன 1, 2, 0.8 என்ற விகிதத்தில் ஒரே படையாகக் கலந்திருக்கும்படி செய்து, பின்னர் குளோரோபோமும் நீரும் சேர்த்து 2, 2, 1.8 என்றாக்கினால் கலவை இரண்டு படைகளாகப் பிரியும். கொழுப்பு, பாரமான குளோரோபோமுடன் கீழே இறங்கிவிடும். இந்த விகிதங்களில் கைவைத்துவிட்டு அவர்கள் பெயரைக் குறிப்பிடுவது முறையல்ல. ஆயினும் அப்படிச் செய்த ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன். கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேற்பட்ட மீன்களில் இம்முறை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பது 2001 இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் தெரியவந்தது. கொழுத்த மீன்களுக்குப் போல்க் முறையே பொருந்தும். குளோரோபோம் உடலுக்குத் தீங்கானது என்பதால், சைக்கிளோஎக்சேனும் புரப்பனோலும் கொண்டு அதே வேலையைச் செய்யும் ஒரு முறை 1999 இல் வெளிவந்தது. உங்கள் ஆய்வுகூடத்தில் காற்றோட்டப் பெட்டி நன்றாக வேலை செய்யாவிட்டால் அதற்கு மாறுவதே நல்லது.

உங்கள் ஆய்வேட்டுக்கு வருவோம். சேர்க்கைக் காரணியைக் கணக்கிடும்போது கொழுப்பு வகுக்கும் எண்ணாக அமர்கிறது. 1.6 க்குப் பதிலாக 0.8 இட்டால் அதே மட்டி, அதே சேறு, அதே மாசு இருந்தும் காரணி இருமடங்காகிவிடும். சேறு ஒன்றும் மாறவில்லை, போத்தல்தான் மாறியது. ஆகவே மட்டி போன்ற மெலிந்த உயிரிக்கு மெதனோல் சேர்ந்த முறையின் 1.6 ஐ எழுதுங்கள். முறையையும் கரைப்பான் விகிதத்தையும் எழுதுங்கள். எக்சேன் கொண்டு அளந்த வேறொருவரின் காரணியுடன் உங்களுடையதை நேரடியாக ஒப்பிடாதீர்கள். இரு அளவுகளும் கையில் இருப்பதால் அவற்றை ஓர் அட்டவணையாகவே தரலாம். உங்களுக்குப் பின் வருபவருக்கு அது பெரிய உதவி.

மாசை அளக்கும் அதே சாற்றிலிருந்தே கொழுப்பையும் அளப்பது சிறந்தது. ஆனால் கவனம் தேவை. மாசைக் கருவியில் ஏற்றுமுன் சாற்றிலுள்ள கொழுப்பைச் சல்பூரிக் அமிலத்தாலோ வேறு வழியாலோ நீக்கிவிடுவார்கள். அந்தப் படிக்கு முன்னரே சாற்றில் அளந்த ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து, நைதரசன் வாயுவில் மெதுவாக உலர்த்தி, எடை மாறாத நிலை வரும்வரை நிறுக்க வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது ஒரு தொகுதி மட்டிகளின் கொழுப்பு 3 சதவீதத்துக்கு மேல் காட்டியது. மகிழ்ந்துபோய் எழுதியும் வைத்தேன். பின்னர்தான், கீழ்ப்படையை உறிஞ்சும்போது மேலே இருந்த நீரும் சிறிது ஏறிவந்ததையும், அதிலிருந்த கடலுப்பு உலர்ந்து கொழுப்பின் எடையோடு சேர்ந்திருந்ததையும் கண்டேன். சதை முழுவதும் செலவாகிவிட்டிருந்ததால் அந்தப் பருவத்து மாதிரிகளைத் திரும்பப் பெற வழியிருக்கவில்லை. சதை சேராத வெற்று மாதிரி ஒன்றையும், அதே சதையின் இரட்டை மாதிரி ஒன்றையும் ஒவ்வொரு தொகுதியிலும் வையுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது அந்த இழப்பின் பின்னர்தான்.

சேற்றுப் புழுக்களைப் போன்ற மிகச் சிறிய உயிரிகளில் நிறுப்பதற்கே போதிய கொழுப்பு இராது. அவற்றுக்கு நிறமானி முறை இருக்கிறது. சாற்றை உலர்த்தி, சல்பூரிக் அமிலத்துடன் சூடாக்கி, ஐஸ்கிறீமுக்கு மணமூட்டும் அதே வனிலினைப் பொசுபோரிக் அமிலத்தில் கரைத்துச் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் எழும். நிறத்தின் செறிவிலிருந்து கொழுப்பைக் கணக்கிடலாம். சில மில்லிகிராம் இழையமே போதும். ஆனால் இந்த நிறம் இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்புகளுக்கே எழுவது என்பதால், ஒப்பிடுவதற்கு எந்த எண்ணெயை நியமமாக வைத்தீர்கள் என்பதும் விடையை மாற்றும். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

கேள்வி: மூதூரில் தலைமுறை தலைமுறையாக மட்டி எடுக்கிறவர்கள் நாங்கள். சில மாதங்களில் மட்டி கொழுத்திருக்கும்; சில மாதங்களில் ஓட்டைத் திறந்தால் சதையே இல்லாமல் நீர்த்துப்போயிருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் தங்களுக்கு வசதியான ஒரு நாளில் வந்து ஒரு வாளி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இப்படிச் செய்வது சரியா ஐயா?

பதில்: சரியல்ல. நீங்கள் ஒரு கேள்வியாகக் கேட்டிருப்பது ஆய்வாளர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

மட்டி முட்டையிடும் முன் உடலில் கொழுப்பைச் சேர்க்கும். முட்டைகளோடு அந்தக் கொழுப்பையும், கொழுப்பில் கரைந்திருந்த மாசின் ஒரு பகுதியையும் கடலில் விட்டுவிடும். வாடை வீசத் தொடங்கி மாரி மழை கொட்டும்போது, 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலியின் நன்னீர் கொட்டியாரக் குடாவில் கலந்து உப்பைக் குறைக்கிறது. உப்புக் குறைந்தால் மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டு, உண்ணாமல், தன் சேமிப்பைத் தின்று நாள் கடத்தும். அப்போது கொழுப்புக் கரையும், ஆனால் அதிலிருந்த பீசீபி அதே வேகத்தில் வெளியேறிவிடாது. எஞ்சிய சிறிதளவு கொழுப்பிலேயே நெருங்கி நிற்கும். மேலே ஆசிரியைக்குச் சொன்ன வகுத்தல் கணக்கு இந்த நிலையிலுள்ள மட்டியில் பிசகும், ஏனெனில் அது சமநிலைக்கான கணக்கு. பட்டினி கிடந்த மட்டியைக் கொழுப்புக்கு வகுத்தால், சேற்றில் இல்லாத மாசும் இருப்பதுபோலத் தோன்றலாம்.

ஆகவே ஒப்பிடப்படும் இடங்கள் எல்லாவற்றிலும் ஒரே வாரத்தில், ஒரே அளவு ஓடுள்ள மட்டிகளை, ஓரிடத்துக்கு இருபது முப்பதாவது எடுத்துச் சேர்த்து அரைக்க வேண்டும். குடலில் கிடக்கும் சேறும் சதையோடு அரைபட்டுவிடாதபடி, சுத்தமான கடல்நீரில் ஒரு நாள் விட்டுவைத்த பின்னரே உரிக்க வேண்டும். நீங்கள் கறிக்கு மட்டியை ஊறவைத்து மண் கக்க விடுவதும் இதே காரணத்துக்காகத்தான். சேற்றையும் மட்டி எடுத்த அதே இடத்தில், மேல்மட்டத்துச் சில சென்ரிமீற்றரிலிருந்து எடுக்க வேண்டும். வெள்ளம் வந்து புதுச் சேறு போர்த்திய மறுவாரத்தில் எடுத்தால், மட்டி வாழ்ந்த சேறு ஒன்று, ஆய்வுகூடத்துக்குப் போகும் சேறு வேறொன்று ஆகிவிடும்.

எந்த மாதத்தில் மட்டி கொழுக்கிறது, எந்த மாதத்தில் நீர்த்துப்போகிறது என்பதை உங்கள் வீட்டில் யாராவது ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால், அடுத்த முறை வாளியோடு வருபவரிடம் அதைக் காட்டுங்கள். அவர் அதைப் பிரதி எடுத்துக்கொள்ளாமல் போனால் நான் வருந்துவேன்.

கேள்வி: சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஐயம் எழும். எண்ணெய் கசிந்து சேற்றில் இறங்கியிருந்தால், மீனின் கொழுப்பைச் சோதித்துக் கண்டுபிடித்துவிடலாமா? — உப்புவெளி வாசகர்

பதில்: அந்தத் தாங்கிகள் 1930களில் ஆங்கிலேயர் கட்டியவை, 1942 ஏப்பிரல் 9 இல் நடந்த யப்பானிய விமானத் தாக்குதலையும் கண்டவை, இன்று 99 எஞ்சி நிற்கின்றன. தாங்கிகள் நிற்பதே சேற்றில் மாசு இருப்பதற்குச் சான்றாகாது. அதை அளந்துதான் சொல்ல வேண்டும். ஆனால் மீனின் கொழுப்பை நாடினால் ஏமாற்றமே மிஞ்சும். எண்ணெயிலுள்ள பல்வளைய ஐதரோகாபன்களை மீனின் ஈரல் நொதியங்களால் மாற்றிப் பித்தத்தின் வழியே வெளியேற்றிவிடுகிறது. மாசு நிறைந்த இடத்தில் வாழும் மீனின் சதையிலும் அதனால் மிகக் குறைவாகவே தென்படும். மீனைத்தான் பிடிப்பதென்றால் பித்தத்தைச் சோதிக்க வேண்டும். மட்டிக்கும் சிப்பிக்கும் அந்த நொதியத் திறன் குறைவு. எனவே எண்ணெய் விடயத்தில் அவற்றின் கொழுப்பே நம்பத்தக்கது.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. எண்ணெய் படிந்த இடத்து மட்டியைக் கரைப்பானில் இட்டால், உயிரியின் கொழுப்போடு கசிந்த எண்ணெயும் கரைந்து வந்து தராசில் கொழுப்பாகவே நிறுபடும். கொழுப்புக் கூடிவிட்டதாகத் தோன்றும். அதனால் வகுத்தபின் மாசு குறைந்துவிட்டதாகத் தோன்றும். மாசு கூடக்கூட அது குறைவது போலக் காட்டும் இந்தத் தலைகீழ் விளைவை நான் மிகவும் அஞ்சுகிறேன். எண்ணெய் இருக்கலாம் என்று ஐயம் எழும் இடங்களில், நிறுத்த கொழுப்பு உண்மையில் உயிரியினுடையதா என்பதைக் கொழுப்பமிலங்களைத் தனியே பிரித்துச் சரிபார்க்க வேண்டும். நிலக்கரிக் கப்பல்கள் வந்துபோன பழைய துறைமுகங்களின் சேற்றில் கரித்துகளும் புகைக்கரியும் கலந்திருப்பதுண்டு. அவை இந்த ஐதரோகாபன்களைச் சாதாரண சேதனக் காபனைவிடப் பன்மடங்கு இறுகப் பிடித்துக்கொள்பவை. ஆதலால் சேற்றில் அளவு கூடியிருந்தும் மட்டியில் குறைந்திருப்பது அங்கே வியப்பல்ல.

கேள்வி: இதையெல்லாம் வாசித்தபின் கொழுப்புள்ள மீனை வாங்கவே மனம் வரவில்லை. சூடையையும் கீரியையும் விட்டுவிட்டுச் சுறாவை மட்டும் சமைக்கலாமா? — திருகோணமலை நகரிலிருந்து ஓர் இல்லத்தரசி

பதில்: வேண்டாம் அம்மா. சூடையும் கீரியும் சிறிய மீன்கள். குறுகிய காலம் வாழ்ந்து, மிதவை உயிர்களை உண்பவை. மாசைச் சேர்த்துவைக்க அவற்றுக்கு ஆண்டுகள் இல்லை. பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா–3 கொழுப்போ அவற்றில் நிறைய இருக்கிறது. அவற்றை விடாதீர்கள். குடலையும் ஈரலையும் நீக்கிச் சமைப்பதே போதுமானது.

சுறாவில் நிலைமை வேறு. அதன் கொழுப்பெல்லாம் ஈரலில் குவிந்திருக்கிறது. வறைக்கு நாம் உதிர்த்தெடுக்கும் சதை மிகவும் மெலிந்தது. பீசீபி போன்றவை அச்சதையில் குறைவாக இருக்கும் என்பது சரியே. ஆனால் இரசத்தின், அதாவது பாதரசத்தின், கதை முற்றிலும் வேறு. மீன்களில் சேரும் மெதைல் இரசம் கொழுப்பில் தங்குவதில்லை. சதையின் புரதத்தோடு பிணைந்து நிற்கிறது. பல ஆண்டுகள் வாழ்ந்து பிற மீன்களை உண்ணும் சுறாவின் மெலிந்த சதையில்தான் அது கூடுதலாகச் சேர்கிறது. கொழுப்பை வெட்டி எறிவதால் அது குறையாது, கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் சுறாவைக் குறைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பக்கத்தில் கொழுப்பைப் பற்றி நான் சொன்ன எதையும் இரசத்துக்கோ ஈயத்துக்கோ கட்மியத்துக்கோ பொருத்த வேண்டாம். அவற்றுக்குக் கொழுப்பை அளந்து வகுப்பதில் பயனில்லை.

கேள்வி: நான் தம்பலகாமத்தில் உயர்தரம் படிக்கிறேன். எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் மட்டியின் கொழுப்பை நாங்களே அளந்து பார்க்க முடியுமா, ஐயா?

பதில்: குளோரோபோமையும் சூடான சல்பூரிக் அமிலத்தையும் பாடசாலையில் தொட வேண்டாம். ஆனால் கொழுப்பை அளக்காமலே மட்டியின் உடல்நிலையைக் கணிக்க ஒரு வழி இருக்கிறது. முறையான ஆய்வுகளிலும் அதைக் கையாள்கிறார்கள். உங்கள் குடாவில், ஒருகாலத்தில் முத்துக்காக எடுக்கப்பட்ட அந்த மெல்லிய தட்டைச் சிப்பியை விட்டுவிட்டு, தடித்த ஓடுள்ள சாதாரண மட்டியில் ஒரே அளவானவை இருபதை எடுங்கள். ஒரு நாள் சுத்தமான கடல்நீரில் விட்டுவையுங்கள். பின்னர் சதையையும் ஓட்டையும் பிரித்து, சதையை 60 பாகை செல்சியசில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துங்கள். உலர்ந்த சதையின் எடையை ஓட்டின் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது உடல்நிலைச் சுட்டி. மட்டி கொழுத்திருக்கும் மாதத்தில் அது உயரும். முட்டையிட்ட பின்னும் மழைவெள்ளத்தின் பின்னும் விழும்.

இதை ஒரு முறை செய்து நிறுத்திவிடாமல், ஒரே இடத்தில், மாதத்துக்கு ஒரு முறை, ஓர் ஆண்டு முழுவதும் செய்யுங்கள். எடுத்த திகதியையும், நீரின் உப்புத்தன்மையை அளக்கும் வசதி இருந்தால் அதையும், முந்திய வாரத்தில் மழை பெய்ததா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மூதூர் வாசகரின் கடிதத்தையும் வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் ஊரிலும் மட்டி எடுப்பவர்கள் இருப்பார்கள். பன்னிரண்டு மாத எண்களை வரைபடமாக்கியபின், எந்த மாதங்களில் மட்டி கொழுக்கும் என்று அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை அதே தாளில் வேறு நிறத்தில் குறித்து எனக்கு அனுப்பிவையுங்கள்.